பிரேக் பிடிக்கவில்லை

முன்சக்கரமே இல்லாத மோட்டார் சைக்கிளை நீதிமன்றத்தின் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

மெக்கானிக்குக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இந்த நீதிபதி வண்டியைப் பார்க்க எப்போதுதான் கீழே இறங்கி வருவாரோ!

பத்தடி தள்ளி, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே அவருடைய மகன் நின்றான். எட்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நண்பனோடு பந்தயம் கட்டி நடுச்சாலையில் இந்த வண்டியைப் பறக்கவிட்டவன் அவன்தான். சாலையைக் கடந்துகொண்டிருந்த பெண் அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

அவளுடைய கணவர் ஒரு தையல்காரர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துவிட்டுப் போவார். இன்றும் வந்திருந்தார்.

"அழுத்துனேம்பா, பிடிக்கவே இல்ல." மகன் முதல் நாளே சொன்னது இது.

மெக்கானிக்கின் தூக்கம் அன்றோடு போயிற்று. ஏனென்றால் அன்று காலை அந்த வண்டியின் பின்பக்க பிரேக்கைக் கழற்றி மாட்டியது அவர். கம்பியைக் கோத்தார், நட்டை முடுக்கினார், எல்லாம் நினைவிருக்கிறது. நட்டு கழன்று விழாமலிருக்கக் குறுக்கே ஒரு சின்ன இரும்புப் பின் போட வேண்டும். அதைப் போட்டாரா? அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளன் ஹாரன் அடிக்கவில்லை என்று வந்து உயிரை வாங்கினான். அதற்கப்புறம் என்ன செய்தார் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை.

வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதிவிட்டார்: பிரேக் கம்பி கழன்று தொங்குகிறது, பின் காணவில்லை, எப்போது கழன்றது என்று சொல்வதற்கில்லை.

மகனுடைய வக்கீலுக்கு வாயெல்லாம் பல். பிரேக் கோளாறு என்றால் இரண்டு வருடத்தோடு போகும். நல்ல பிரேக்கை வைத்துக்கொண்டு அழுத்தாமலே மோதினான் என்றால் பத்து வருடம். பின் போட மறந்தது நான்தான் என்று அப்பாவே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

சொல்வதற்கு என்ன கசப்பு? அவர் அதை உண்மை என்றே நம்பினார். எட்டு மாதமாகப் பட்டறையில் அவர் பாதிப் பைத்தியம். போன வாரம் ஒரு வாடிக்கையாளனைச் சிக்னல் வரை துரத்திக்கொண்டு ஓடி, நடுரோட்டில் உட்கார்ந்து பின்னைத் தடவிப் பார்த்தார். அந்த ஆள் பயந்துபோய் வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் ஏறி நின்றுகொண்டான்.

நீதிபதி வந்துவிட்டார். பின் போடும் இடத்தைக் காட்டச் சொன்னார்.

மெக்கானிக் குந்தி உட்கார்ந்தார். காய்ந்த கிரீஸும் புழுதியும் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. விரல் தானாகவே துளையைத் தேடிப் போயிற்று. கட்டைவிரல் நகத்தடியில் எதுவோ குத்தியது.

ஒரு கம்பித் துண்டு.

பட்டறைக்கு வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி இது. கடையில் விற்கும் பின்னை அவர் நம்புவதில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியைத் துண்டாக வெட்டி, துளையில் செருகி, இரண்டு முனையையும் மடக்கிவிடுவார். இதில் ஒரு முனை மடக்கியபடியே இருந்தது. மறுமுனை அறுந்திருந்தது. மோதிய வேகத்தில்தான் நட்டு பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. பின்னைத் தேடிய அதிகாரியின் கண்ணுக்கு இது அழுக்கோடு அழுக்கு.

போட்டிருக்கிறார்! மறக்கவில்லை!

முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா என்று அவருக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண்ணைக் கொன்றது அவருடைய கை இல்லை.

அப்புறம்தான் மற்றது உறைத்தது.

பிரேக் பிடித்திருக்கும். இவன் பிரேக்கில் காலை வைக்கவே இல்லை. எட்டு மாதமாகச் சிறைக்குப் போகும்போதெல்லாம், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் அழுவார். அந்தப் பக்கம் நின்று அவன் அவரைத் தேற்றுவான்.

"விடுப்பா. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

பாவி. மன்னித்தும் விட்டானே!

திரும்பிப் பார்த்தார். மகன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறையில் வளர்ந்தவன், அங்கே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். துண்டு புழுதியில் விழுந்துவிடும். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டே வருடத்தில் பிள்ளை வாசலுக்கு வந்துவிடுவான். விரல் துண்டின் மேலேயே நின்றது.

தையல்காரர் ஓரடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

பின் இருக்கிறதா, இல்லையா என்று நீதிபதி இரண்டாம் முறை கேட்டார்.

மெக்கானிக் கையை எடுத்தார்.

"இருக்குங்கய்யா," என்றார். "நான்தான் போட்டேன்."