காபி இல்லை என்று எழுதியவர்

ஆய்வுக்கூடத்துச் சன்னல் வழியே மதிய வெயில் சிறுநீர்க் குப்பிகள் மேல் விழுகிறது. யார் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று அவற்றை வைத்தே கண்டுபிடிப்பதுதான் அந்த டெக்னீஷியன் பெண்ணின் வேலை. எதிரே, உணவு ஆய்வுக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், குடையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சாப்பாட்டுக் குறிப்பேட்டில் இரண்டு மாதமாக தினமும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: காபி இல்லை. அவருடைய சிறுநீரைச் சோதித்து மெஷின் வரைந்த தாளிலோ காபிக்கு உரிய இடத்தில் கோடு தினமும் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. "சார், நீங்க காபி குடிக்கிறீங்க." "எனக்கு அந்த வாடையே ஆகாதும்மா. வீட்டுக்காரிக்குத்தான் போடுவேன்." அந்த அம்மாள் இறந்து இரண்டு மாதமாகிறது, அவரும் இதே ஆய்வில் இருந்தவர்; பட்டியலில் அந்த அம்மாள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவள் இந்த டெக்னீஷியனேதான். "காலையில போட்டு அவ நாற்காலிக்கு முன்னால வச்சிடுவேன். கொஞ்சம் கண்ணசந்து எழுந்தா டம்ளர் காலியா இருக்கும். சர்க்கரை பத்தலைன்னா மட்டும் பாதி மிச்சம் வைப்பா." குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது. அவருடைய வெள்ளை மீசையின் ஓரம் பழுப்பேறியிருப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அவர் குனிந்து, எழும்பி நிற்கும் கோட்டை விரல்நுனியால் மெல்லத் தடவுகிறார். "அப்ப அந்தக் காபியைக் குடிச்சிருக்காங்கன்னு மெஷினே சொல்லுது, இல்லம்மா?" அவள் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆமாங்க சார். குடிச்சிருக்காங்க." அவர் தலையாட்டிவிட்டு இன்றைய குப்பியை நீட்டுகிறார். வாங்கிய உள்ளங்கையில் அது இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது.