பயணி பக்கத்துத் தையல்

அவருடைய கட்டைவிரல் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

நிற்கும் என்று மோகனப்ரியாவுக்குத் தெரியும்.

டேஷ்போர்டின் இடது ஓரம். பயணி உட்காரும் பக்கம். தோல் அங்கே லேசாக உப்பியிருந்தது. அதன் கீழே ஓடிய சிவப்புத் தையல், கதவை நெருங்க நெருங்கக் கோணி, இரண்டு இடத்தில் நூல் விட்டுப்போய், கடைசியில் ஒரு முடிச்சுக்கூட இல்லாமல் முடிந்திருந்தது.

நாச்சிமுத்து விரலால் நெம்பினார்.

தோல் கையோடு வந்தது. அடியில் காய்ந்த பசை. வெள்ளை வெள்ளையாக.

லேத் பட்டறையில் நின்று ஆளாகி, பம்ப்செட் கம்பெனி வைத்தவர். அறுபதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே வாங்கிக்கொண்ட மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். ஷோரூம் நடுவில், வண்டியின் முகப்பில் மாலை போட்டு, சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். சற்றுத் தள்ளி சோபாவில், பட்டுப்புடவையில், அவர் மனைவி வசந்தாமணி.

"ஏனுங்க, என்னங்க இது? மூணு கோடிக்கு வண்டி வாங்குனா, பழைய செருப்பு ஒட்டற மாதிரி ஒட்டி வெச்சிருக்கறீங்க? என்ற சொந்தக் கம்பெனில இருந்து இப்படி ஒரு பம்பு போனா மூஞ்சில திருப்பி எறிவானுங்க."

ஷோரூம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் கிஷோர் ஓடி வந்தார். குனிந்தார். முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வண்டியையும் பரிசோதிப்பது மோகனப்ரியாவின் வேலை. இந்தக் குறையை ஒன்பது நாளுக்கு முன்பே கண்டுபிடித்தாள். படம் எடுத்தாள். எழுதி கிஷோர் மேஜையில் வைத்தாள்.

வேறு தோல் வர நாலு மாதம் ஆகும், பசை வைத்து அமுக்கிவிடு என்றார்.

மாட்டேன் என்றாள்.

வேறு யாரோ அமுக்கினார்கள்.

கிஷோர் நிமிர்ந்தார். அவர் கை அவளைக் காட்டியது.

"தொடைக்கும்போது இந்தப் பொண்ணு இழுத்துட்டா சார். மோகனப்ரியா, சாரி சொல்லு."



"நான் இழுக்கலைங்க. வர்றப்பவே இப்படித்தானுங்க இருந்துச்சு. எழுதிக் குடுத்திருக்கறனுங்க. மேல ஒட்டுனதுதான் இப்ப வந்துருச்சு."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். பசையைச் சுரண்டி, நகத்தில் வைத்துப் பார்த்தார். பழைய பசைக்கும் புதுக் கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை அவர்.

"அந்தப் புள்ள சொல்றதுதான் நெசம்" என்றார் கிஷோரிடம்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"உள்ள வாங்க சார், பேசிக்கலாம்" என்றார் கிஷோர்.

கண்ணாடி அறையின் கதவு சாத்திக்கொண்டது. காபி போனது. நாச்சிமுத்து மேஜையைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டவில்லை. சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் இருவரும் சிரித்தார்கள்.

அவள் வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது, ஐந்து வருட சர்வீஸ் இலவசம் என்று முடிவாகியிருந்தது. புதுத் தோல் வந்ததும் வீட்டுக்கே ஆள் அனுப்பி மாற்றித் தருவார்கள். இத்தனை இலவசத்துக்கும் தலைமை அலுவலகத்துக்குக் காரணம் காட்ட ஒரு கடிதம் மட்டும் வேண்டும்.

கடிதம் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. கிஷோர் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். துடைக்கும்போது என் கவனக்குறைவால் தோல் கிழிந்தது. கீழே அவள் பெயர். அதன் மேல் காலி இடம்.

"போட்டுக் குடுத்துரு கண்ணு" என்றார் நாச்சிமுத்து. குரலில் கோபமே இல்லை. "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?"

"இப்பத்தானுங்க, நெசம்னு நீங்களே சொன்னீங்க?"

அவர் வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாலையைச் சரிசெய்தார். மாலை சரியாகத்தான் இருந்தது.

கிஷோர் அவள் காதருகே வந்தார். "கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு வராதே."

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். 

போட்டோ எடுத்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்ததும், ஷோரூம் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

"வசந்தா, ஏறு. நல்ல நேரம் போகுது."

இதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வசந்தாமணி சோபாவிலிருந்து எழுந்து வந்தார். திறந்திருந்த கதவுக்குள் குனிந்தார். தன் இருக்கைக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்த தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கதவை வெளியிலிருந்தே சாத்தினார்.

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"வெளையாடாத வசந்தா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

பட்டுப்புடவையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் அவளிடம் வந்தார். கடிதத்தையோ பேனாவையோ கிஷோரையோ பார்க்கவில்லை.

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் கண்ணு?"

வாசலில் நின்று கையைக் காட்டினால் போதும். அவள் படியிறங்கினாள். வெயிலில் அவருடன் நடந்தாள்.

பின்னால், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாமல், வண்டி உறுமிக்கொண்டே நின்றது.