விழுந்து பார்த்து வாங்கிய கம்பளம்

“என்னங்க, இன்னொரு தடவை விழுங்க!”

கீழ்த்தளத்திலிருந்து மனைவி குரல் கொடுத்ததும், கம்பளக் கடையின் மாடியில் நின்ற கணவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பளத்தின் மேல் சாய்ந்தான்.

பக்கத்தில் நின்ற கடைக்காரி மாடிப்படியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்பளம் வாங்க வருகிறவர்கள் தடவிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், சோபா உறையை எடுத்து வந்து நிறம் ஒத்துப்போகிறதா என்று ஒட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர் மேலே விழ, ஒருத்தர் கீழே நின்று காது கொடுத்துக் கேட்டு வாங்குவதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“எப்படி இருக்கு?” படுத்தபடியே அவன் கத்தினான்.

“சத்தமே கேக்கலைங்க. இது வேணாம்!”

கடைக்காரிக்கு மனசு தாங்கவில்லை. “ஏம்மா, சத்தம் கேக்கக் கூடாதுன்னுதானே எல்லாரும் கம்பளம் வாங்குறாங்க? இது நார்வே பக்கத்துப் பழைய சரக்கு. விரல் நீளத்துக்குக் கம்பளி மயிரை விட்டு, ஒவ்வொரு முடிச்சா கையால போட்டது. அந்தக் காலத்துல கடலுக்குப் போறவங்க படகுல இதைப் போத்திக்கிட்டுத்தான் தூங்குவாங்களாம்.”

மனைவி படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஒரு நடை நடந்தாள். “கொள்ளை அழகா இருக்கு அக்கா. ஆனா கால் புதையுது பாருங்க. நடை பழகற கால் தடுக்கிடும்.”

கடைக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நடக்க ஆரம்பிச்சாச்சா?”

“ஆரம்பிச்சாச்சு!” அவள் கண்கள் மின்னின. “பிடிச்சுக்க ஆளே கிடையாது. ஒரு அடி, ரெண்டு அடி, அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம். எங்களுக்கு உயிரே போயிடும். உடனே ஒரு சிரிப்பு கேக்கும் பாருங்க! மறுபடியும் முதல்லேர்ந்து அடி.”

“ஒரு நாள்கூட அழுகை கிடையாது” என்றான் கணவன், எழுந்து சட்டையைத் தட்டியபடி. “நானெல்லாம் ஆபீஸ்ல ஒரு திட்டு வாங்கினா ரெண்டு நாள் சாப்பிட மாட்டேன். இப்போ கொஞ்சம் மாறிட்டேன்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கடைக்காரி மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். “அப்போ சத்தம் எதுக்கு?”

“நாங்க இருக்கறது கீழே. விழுந்தா அடிபடவும் கூடாது, விழுந்தது எங்களுக்குத் தெரியாமப் போயிடவும் கூடாது. எழுந்திரிக்கலைன்னா ஓடணும் இல்லையா?”

நியாயம்தான். கடைக்காரி அடுத்த கம்பளத்தை உருட்டி விரித்தாள். ஸ்வீடனில் தட்டையாக நெய்தது. கருநீலக் கட்டங்களுக்குள் வெள்ளைப் பறவைகள். புரட்டிப் போட்டாலும் அதே பறவைகள், அதே மிடுக்கு. மனைவி “அம்மாடி!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கணவன் விழுந்தான். தடால்!

“இது வேணாம்!” இந்த முறை சொன்னது அவன்தான், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. “பறவையெல்லாம் பாக்கத்தான் பஞ்சு. விழுந்தா பாறை.”

கடைக்காரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய், தன் சொந்த நாற்காலிக்குக் கீழே கிடந்த கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். யார் கேட்டும் கொடுக்காத கம்பளம் அது. பழுத்த மிளகாயின் சிவப்பு, ஓரத்தில் பாசிப் பச்சை. செடி வேரிலும் பட்டையிலும் காய்ச்சிய சாயம், எத்தனை கோடைக்கும் வெளுக்கவில்லை. மயிரைக் குட்டையாகக் கத்தரித்து, நெருக்கி நெருக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கால் புதையவும் இல்லை, வழுக்கவும் இல்லை.

“இதை நெய்தவளுக்குக் கையில தெய்வம் இருந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டே விரித்தாள்.

கணவன் விழுந்தான்.

“கேக்குது! மெத்துன்னு கேக்குது! இப்போ எழுந்து நடங்க... ஆமா, ஒவ்வொரு அடியும் கேக்குதுங்க!” கீழிருந்து மனைவி கூவினாள்.

மேலே கணவன் கம்பளத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க மனசில்லை. கடைக்காரியும் குனிந்து கடைசியாக ஒரு முறை அந்தச் சிவப்பைத் தடவிக்கொடுத்தாள். பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த நிறைவு அவளுக்கு.

“இதே பச்சையில ஒரு குட்டித் தலையணை இருக்கு. என் அன்பளிப்பா சேத்துத் தரேன். செல்லத்துக்கு என்ன வயசு?”

படியேறி வந்த மனைவி கணவனைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

“அறுபது இருக்கும் அக்கா. எங்களுக்கு மேலே மாடி வீட்டுல இருக்கற தபால்காரர், விபத்துல ஒரு கால் போய், செயற்கைக் கால்ல தனியா நடக்கப் பழகறார். யார்கிட்டயும் உதவி வாங்க மாட்டாராம், தங்கச்சி அனுப்பினா மட்டும் மறுக்க மாட்டாராம். அதனால எங்க பேர் வேணாம், கம்பளத்தை அந்தத் தங்கச்சி பேர்லயே அனுப்பிடுங்க. நாங்க இன்னும் அவர் முகத்தைக்கூடப் பாத்ததில்லை.”