புளியமரத்தடியில் ஒரு செருப்பு

“இன்னா கண்ணு, ரெண்டுல எது மேல வரும்?” என்று தைலம்மாள், மாடி ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் எழில்மதியிடம் கேட்கிறாள். இட ஒதுக்கீட்டு மறியல் நடந்த அன்று அகலக்கோண லென்ஸ் போட்ட கேமராவைக் கையிலேயே திருப்பித் திருப்பி ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களை, எழில்மதி ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றி ஒரே நீளப் படமாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்து ஒட்டவேண்டிய இரண்டு படங்களிலும் அதே புளியமரம், அதே நிழல், அதே கூட்டம். ஒன்றில் மரத்தடியில் தைலம்மாளின் மகன் இளவரசன் சிரிக்கிறான். அடுத்ததில் அவன் செருப்பு மட்டும் கிடக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் வீடு திரும்பவில்லை. “அவன் தெரியறதே மேல இருக்கட்டும்” என்கிறாள் தைலம்மாள். “போலீசு இந்தப் படத்த கேட்டுக்கினு இருக்காங்க அத்தே,” என்கிறாள் எழில்மதி. “ மூஞ்சி தெரிஞ்சவங்களத்தான் புடிக்கிறாங்க.” மேசைவிளக்கில் பசை மினுங்குகிறது. தைலம்மாள் மகன் முகத்தை விரலால் ஒருமுறை தடவுகிறாள். செருப்புப் படத்தை எடுத்து அந்த முகத்தின்மேல் வைத்து, பசை பிடிக்கும்வரை உள்ளங்கையால் அழுத்துகிறாள். பிறகு மாடிப்படி இறங்கிப் போகிறாள்.