கடைவாயில் ஒரு ஓட்டு

ஆகஸ்ட் வெயில் கூடாரத் துணி வழியே மஞ்சளாக வடிகிறது. அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயக் கண்காட்சியில், பிடித்தவரின் ஜாடியில் போட ஆளுக்கு ஒரு மக்காச்சோள மணிதான் ஓட்டு. மேசையில் எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர்களுக்கு இருபது கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய படத்தில் ஒரு சிரித்த முகம். கடைசியில் தனியாக நிற்கிறது இப்போதைய ஜனாதிபதியின் ஜாடி. விவசாயி டெல்மர் நாற்பது வருடமாக அவர் கட்சிக்காரர். ஆனால் ஜனாதிபதி சீனாவோடு நடத்தும் வரிச்சண்டையில் போன வருட சோயா விலைபோகாமல் இன்னும் டெல்மரின் கிடங்கில் கிடக்கிறது. அதனால்தான் இந்த இருபது முகங்களையும் இவ்வளவு நேரமாகப் பார்க்கிறார். “யாராச்சும் தேறுவாங்களா?” என்கிறாள் மனைவி ஜோலீன், எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் குலுங்க. டெல்மர் ஒவ்வொரு ஜாடியாகக் காட்டுகிறார். “இவரு எல்லாத்தையும் ஓசில தர்றேங்கறாரு. இந்தம்மா நம்ம மாடு ஏப்பம் விட்டாலும் வரி போடும். அதோ வெளிய அடுப்புகிட்ட நிக்கிறவன், புது பூட்ஸ மாட்டிக்கிட்டு பன்னிக்கறி பொரட்டுறான், ஒரு பொட்டு சேறு இல்ல.” “அப்ப நம்மாளுக்கே போட்டுட்டு வாங்க, கால் வலிக்குது.” டெல்மர் அந்தக் கடைசி ஜாடியைப் பார்க்கிறார். விரல்களுக்கிடையே மணி உருள்கிறது. பின்னால் வரிசை நெளிகிறது. அறுவடைக்கு முன் ஈரம் பார்க்கும் பழக்கத்தில் கை தானாக வாய்க்குப் போகிறது. நறுக்கென்று ஒரு சத்தம்.

மேசைக்குப் பின்னாலிருக்கும் பெண் சிரித்துவிடுகிறாள். “ஐயா, அது உங்க ஓட்டு! வேற ஒண்ணு தரட்டுமா?”

டெல்மர் நிதானமாக மென்று விழுங்குகிறார்.

“வேணாம்மா. அதையும் கடிச்சுத்தான் பாப்பேன்.”