மூன்றாவது விசில்

நாற்காலி சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது.

இசையமைப்பாளனின் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

திரையில் கதாநாயகி அடுப்படியில் நிற்கிறாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அடுப்பை அணைப்பாள். அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விடுவாள், புருஷனை விட்டு.

படமே அங்கேதான் திரும்புகிறது.

அந்த இடத்துக்கு அவன் நாற்பது வயலின் போட்டிருந்தான். அத்தனையும் புடாபெஸ்ட்டில் பதிவு செய்த வயலின்.

"விசில் கேக்கல சார்," என்றாள் இயக்குநர் வள்ளிநாயகி.

ஒலிக்கலவை செய்யும் அருளப்பன் வயலின் விசையைக் கீழே இழுத்தார். நாற்பது பேரும் பக்கத்துத் தெருவுக்குப் போய் வாசித்தார்கள்.

"இப்பவும் கேக்கல."

மேடை, ஆல்பம், புகை, கூச்சல் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவன். 'இனி சினிமாவின் ஆன்மாவுக்கு இசைப்பேன்' என்று பேட்டி கொடுத்தாயிற்று. முதல் படம். மற்ற இடமெல்லாம் வசனம். ஆன்மாவுக்கென்று ஒதுக்கியிருந்தது இந்த ஒரு காட்சிதான்.

"வயலினே வேணாம் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

விசை அடிமட்டத்துக்கு இறங்கியது. புடாபெஸ்ட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது விசில் கேட்டது. கேட்ட பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய சத்தம்.

வள்ளிநாயகி தலையில் கை வைத்தாள். "என்னண்ணே இது, வீட்டுக்குள்ள ரயில் வருது?"

நாற்காலி நின்றது.

"விசில் நான் தர்றேன்."

யாராவது சிரித்திருந்தால் சமாளித்திருப்பான். ஒருவரும் சிரிக்கவில்லை. அருளப்பன் எழுந்து பதிவறைக் கதவைத் திறந்துவிட்டார்.

மைக் முன்னால் நின்றான். மேடைப் பழக்கதோஷத்தில் ஒரு தோள் சாய்ந்தது. அடித்தான். சுருதி சுத்தம். முடிவில் ஒரு கமகம் வேறு.

ஹெட்போனில் வள்ளிநாயகியின் குரல் வந்தது. "பிரமாதம் சார். ஆனா கூட்டத்தப் பாத்து அடிச்ச மாதிரி இருக்கு. இங்க அவ தனியால்ல நிக்கிறா?"

இன்னொன்று அடித்தான். இன்னொன்று. உதடு காய்ந்துபோயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். ரயிலே தேவலை என்று பேசியிருக்கலாம்.

அவன் திரையைப் பார்த்தான். கதாநாயகி அடுப்பைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். இத்தனை மாதத்தில், அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவன் பார்த்ததில்லை.

"மேடம்," என்றான்.

"குக்கருக்குள்ள என்ன வேகுது?"