அன்னம் வரும் வழி

தனோங் மாடிப்படியை உடைத்துவிட்டான். அரசரின் அன்னப்படகு ஆற்றில் போவதைப் பார்க்க வேண்டும் என்று, பக்கவாதத்தில் கிடக்கும் அப்பா காலையிலிருந்து ஒரே பிடிவாதம். சக்கர நாற்காலியை முதலில் இறக்குவோம் என்று கிளம்பியவன், பாதிப் படிகளையும் கூட்டிக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தான். அவனுடைய தொப்பையைப் பற்றி வாசலில் அவன் மனைவி நிபா சொல்வது அக்கரைக்கே கேட்கிறது.

இப்போது எப்படியோ தொற்றி ஏறி, அப்பாவின் பாயருகில் குற்றவாளிபோல் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் சாத்தியிருக்கிறது. அரசர் படகை யாரும் உயரத்திலிருந்து பார்க்கக் கூடாது. பலகை இடுக்கில் நுழைந்த வெயில் அப்பாவின் கோணிய வாய்மேல் கோடு போடுகிறது. துடுப்புப் பாட்டு நெருங்குகிறது. தாளக்கோல் தட்டும்போதெல்லாம் அப்பாவின் நல்ல கை துடுப்பு போடுவதுபோல் பாயைத் துழாவி இழுக்கிறது.

"லேசாத் திறக்கட்டுமாப்பா?"

"கைய எடுடா. மேலேருந்தா பாப்பே?"

"வந்துடுச்சு! தலையக் குனிங்க!" கீழே நிபா குரல் கொடுக்கிறாள். கூரையில் பொன்னொளி ஒன்று நடுங்கி நகர்ந்து மறைகிறது. பாட்டு தேய்கிறது. கை நின்றுவிடுகிறது.

"வருஷக்கணக்கா நீங்க துடுப்பு போட்ட படகுதானேப்பா? நீங்க பாக்காததா?" காலையிலிருந்து பதில் கிடைக்காத கேள்வியை மறுபடி கேட்கிறான்.

"கொட்டகையில நிக்கறப்ப பாத்திருக்கேன். அந்த அன்னம் கழுத்த நிமித்திக்கிட்டுத் தண்ணியில வர்றத ஒரு தடவகூடப் பாத்ததில்லடா. நான் பாத்ததெல்லாம் எனக்கு முன்னால இருந்தவன் முதுகுதான்."